அப்டேட்டுக்குப் பிறகு நெட் வரவில்லையா? வீட்டுக் கணினியைச் சரிபார்க்கும் வரிசை

"ராத்திரி ஏதோ அப்டேட் ஆச்சு, காலையிலிருந்து நெட் வரலை." உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கணினிக்காக என்னை அழைக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு தொடங்குகிறது. அந்த அழைப்புகள் மாத நடுவில் வரும் ஒரு புதன்கிழமையில் கூடுவதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து விண்டோஸுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று வெளியிட்டு வருகிறது. அவை வெளியாகும் நேரமான அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணி என்பது இந்தியாவில் அன்றிரவு 10.30, அங்கே குளிர்கால நேரம் நடப்பில் இருந்தால் 11.30. ஆகவே நம் வீடுகளில் அதன் விளைவு தெரிவது பெரும்பாலும் மறுநாள் காலையில்தான்.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. அப்டேட் நடந்தது என்பது ஒன்று, இணையம் வரவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது முதலாவதால்தான் நேர்ந்தது என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம், அதே இரவில் தெருவில் கேபிள் அறுந்ததாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கை வைப்பதால்தான் பத்து நிமிடத்தில் முடியவேண்டிய வேலை, வட்டை முழுவதும் அழித்துக் கணினியை ஃபார்மட் செய்வதில் போய் முடிகிறது. அப்டேட் இறங்குவதற்கு இணையம் வேண்டும், ஆனால் இணையத்துக்கான டிரைவரோ (வைஃபை போன்ற கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) பல வேளைகளில் அப்டேட் வழியாகவே மாறுகிறது. இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவற்றில் எதை முதலில் பார்ப்பது என்றால், தயக்கமின்றி நெட்வொர்க்கை என்பேன். அது சரியானால்தான் மற்றதைச் சோதிக்கவே முடியும்.

இங்கே சொல்பவை விண்டோஸ் 11-ஐ மனத்தில் வைத்து எழுதியவை. விண்டோஸ் 10-இல் பக்கங்களின் இடம் சற்று மாறியிருந்தாலும் பெயர்கள் ஏறத்தாழ இவையே. பெரும்பாலானோர் கணினியை ஆங்கிலத் திரையோடு வைத்திருப்பதால், பட்டியல்களின் பெயர்களைத் திரையில் ஒலிக்கும் விதத்திலேயே தருகிறேன்.

கை வைப்பதற்கு முன்

ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பிழைச் செய்தி தெரிந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். பெட்டியை மூடிய பிறகு அந்தப் பிழை எண்ணை நினைவுகூர முடியாது. எதை மாற்றினாலும், முன்பு என்ன இருந்தது, இப்போது என்னவாக மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். ஐந்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு இணையம் வந்துவிட்டால், எது பலித்தது என்பது தெரியாது. வராவிட்டால், புதிதாக எதைக் கெடுத்தோம் என்பதும் தெரியாது.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் அவசியம். அண்மைக்காலத்தில் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலேயே வட்டில் உள்ளவற்றைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் வட்டு மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். பிட்லாக்கர் என்பது அதன் பெயர். பழுதுபார்க்கும் திரைக்குள் நுழைய நேர்ந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கணினி கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து, கருவிகளின் பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். இப்போதே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி இல்லாமல் வட்டில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத் தர இயலாது.

பிறகு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மீண்டும் போடுவது இதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கும் கணினிகளில் ஷட்டவுன் செய்யும்போது, விண்டோஸ் தன் உட்கருவையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. சிக்கலில் இருக்கும் டிரைவர் அதே சிக்கலோடு எழுந்து வருவது அதனால்தான். ரீஸ்டார்ட் என்பதே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

பழுது கணினியிலா, ரௌட்டரிலா, வெளியிலா?

இந்தக் கேள்விக்கு விடை காணக் கணினியைத் திறக்கவே வேண்டியதில்லை; கைபேசி போதும். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இணைத்து, இதுவரை பார்த்திராத ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்துவிட்டால், வைஃபை வேலை செய்யாதபோதும் கைபேசி தன் டேட்டாவில் பக்கத்தைத் திறந்து காட்டிவிடும். இந்தச் சோதனை பொய்த்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

கைபேசியிலும் வரவில்லை என்றால் கணினியை விட்டுவிடுங்கள். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில், சுவரோரம் இருக்கும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய சிறு விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளிச்சைகை வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்று பொருள். மஞ்சள் நிற மெல்லிய கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். கண்ணாடி இழை என்பதால் அதை இழுத்து நிமிர்த்த முயலவேண்டாம். மற்றபடி அது இணைப்பு தரும் நிறுவனத்தின் வேலை. சிவப்பு விளக்கு இல்லையென்றால், ரௌட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போட்டு, மூன்று நான்கு நிமிடம் பொறுத்திருங்கள். பெட்டியின் பின்புறத் துளையில் ஊசியை விட்டு அழுத்தும் ரீசெட்டைச் செய்துவிடாதீர்கள். அது நிறுவனத்தார் பதிந்து வைத்த அமைப்புகளையும் அழித்துவிடும்.

கைபேசியில் வீட்டு வைஃபை நன்றாக வேலை செய்தால், சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கணினியை அதில் இணையுங்கள். இணைத்தவுடன் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் அந்த ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ் என்று சென்று, மீட்டர்டு கனெக்ஷன் என்பதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால், தடைபட்டு நின்ற அப்டேட் வழி கிடைத்த மகிழ்ச்சியில் உங்கள் அன்றைய டேட்டா முழுவதையும் சில நிமிடங்களில் இழுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு.

ஹாட்ஸ்பாட்டில் கணினிக்கு இணையம் கிடைத்தால், கணினியின் வைஃபை கருவியும் டிரைவரும் நலமாக இருக்கின்றன. சிக்கல் கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான ஏற்பாட்டில் உள்ளது. ஹாட்ஸ்பாட்டிலும் கிடைக்காவிட்டால், சிக்கல் கணினிக்குள்ளேயே உள்ளது. தேடும் பரப்பு இந்த இரண்டு சோதனைகளில் வெகுவாகக் குறைந்துவிடும்.

வைஃபை பட்டனே காணாமல் போனால்

அப்டேட்டின் மீது உறுதியாகப் பழி சொல்லக்கூடிய நிலைமை இதுதான். கீழ் மூலையில் சொடுக்கும்போது வைஃபை என்ற கட்டமே இல்லை, ஏரோப்ளேன் மோடு மட்டும் இருக்கிறது என்றால், விண்டோஸுக்கு அந்தக் கருவி இருப்பதே தெரியவில்லை. ஸ்டார்ட் பட்டன் மீது வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற சொல்லோடு ஒரு பெயர் இருக்க வேண்டும். அதன் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கோணம் இருந்தால் அந்தப் பெயரை இருமுறை சொடுக்கி, டிரைவர் என்ற பிரிவில் ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்துங்கள். முன்பிருந்த பதிப்புக்கு அது திரும்பிச் செல்லும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது அதே இடத்தில் அன்இன்ஸ்டால் டிவைஸ் என்பதை அழுத்துங்கள். டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்டால் அதில் குறியிடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் கருவியை மறுபடி கண்டுபிடித்துத் தன்னிடமுள்ள டிரைவரைப் பொருத்திக்கொள்ளும்.

அதுவும் பலிக்காவிட்டால் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கவேண்டும். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது என்று பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜர் கேபிளால் கணினியில் செருகி, கைபேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கணினி கைபேசியையே ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். வைஃபை டிரைவர் இதற்குத் தேவையில்லை. கேபிள் மட்டும் தரவையும் கடத்தக்கூடியதாக இருக்கவேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் டெதரிங் வசதி மங்கலாகவே நிற்கும்.

டிவைஸ் மேனேஜரிலும் அந்தப் பெயரே இல்லை என்றால், மடிக்கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். தேங்கிநிற்கும் மின்னூட்டம் வடிந்ததும் கருவி மீண்டும் தென்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை

வைஃபை இணைந்திருந்தும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால், கணினிக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ் என்று சென்றால் ஐபிவி4 அட்ரஸ் என்ற வரி இருக்கும். அது 192.168 என்று தொடங்கினால் ரௌட்டர் முகவரி கொடுத்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டுக் கேட்டுப் பார்த்து, ரௌட்டரிடமிருந்து பதில் வராமல், தனக்குத்தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியை வைத்துக்கொண்டு வெளியுலகுக்குச் செல்ல முடியாது.

அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று இருக்கவேண்டும். மேனுவல் என்று இருந்தால், எப்போதோ யாரோ கையால் எண்களை இட்டிருக்கிறார்கள். பழைய ரௌட்டருக்காகப் போட்ட எண்கள் புதிய ரௌட்டருக்குப் பொருந்தாமல் போவது வீடுகளில் அடிக்கடி நடப்பது. இருக்கும் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால், எங்கே அறுந்திருக்கிறது என்பதை பிங் என்ற சிறு கட்டளையால் படிப்படியாகக் கண்டறியலாம். ஸ்டார்ட் தேடலில் சி, எம், டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டினால் கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் பிங் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முதலில் ரௌட்டரின் முகவரியைத் தாருங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். "ரிப்ளை ஃப்ரம்" என்று நான்கு வரிகள் வந்தால் வீட்டுக்குள் பாதை சரி. அடுத்து 8.8.8.8 என்று தாருங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் முகவரி; அங்கிருந்து பதில் வந்தால் வெளியுலகப் பாதையும் சரி. மூன்றாவதாக எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைத் தாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரை சொன்னால், கோளாறு டிஎன்எஸ்ஸில். அதாவது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில்.

டிஎன்எஸ் கோளாறுக்கு முதலில் அதே கறுப்புச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் என்ற சொல், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். சேர்த்துவைத்த பழைய விடைகளைக் கணினி மறந்துவிடும். அதிலும் தீராவிட்டால், டிஎன்எஸ் அசைன்மென்ட் என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்ற முகவரியைத் தற்காலிகமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

பிங் எல்லாவற்றுக்கும் பதில் வந்தும் உலாவி மட்டும் திறக்க மறுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். நெட்வொர்க் பக்கத்தின் ப்ராக்ஸி (இணையத்தை இடையில் வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) பிரிவில் யூஸ் எ ப்ராக்ஸி சர்வர் என்பது அணைந்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை, ஆனால் சில இலவச மென்பொருள்கள் அதை இயக்கிவிட்டுப் போய்விடும். அடுத்தது விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக மறைத்து அனுப்பும் மென்பொருள். பிறகு, வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸின் இணையக் காவல். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இவற்றின் பழைய பதிப்புகள் இணையத்தை மறிப்பதுண்டு. ஒவ்வொன்றாகத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

நெட்வொர்க் ரீசெட் என்பது அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் அடியில் இருக்கிறது. அது எல்லா நெட்வொர்க் கருவிகளையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கும். பலன் தரும் மருந்துதான். ஆனாலும் மேலே சொன்ன சோதனைகளை முடித்த பிறகே அதைத் தொடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அதற்குப் பிறகு எது கெட்டிருந்தது என்று அறியவே வழியிருக்காது.

கடிகாரத்தைப் பார்த்தீர்களா?

எங்கள் தெருவில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய மேசைக்கணினியில் ஒருநாள் எந்தத் தளமும் திறக்கவில்லை. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்ற பொருளில் ஒவ்வொரு தளத்துக்கும் எச்சரிக்கை வந்தது. அப்டேட்டும் தோல்வி என்று காட்டியது. முந்தைய நாள் அப்டேட் நடந்திருந்ததால், அதனால்தான் கெட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். கணினியை எடுத்துச் சென்ற கடையில் ஃபார்மட் செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் வினாத்தாள்கள் ஆறு ஆண்டுகளாக அதில்தான் இருந்தன.

நான் போனபோது வைஃபை குறி முழுமையாக இருந்தது, முகவரி சரி, பிங் சரி. பிழை எண்ணைப் பார்த்தேன்: 80072எஃப்8எஃப். பிறகு திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். கணினி பல ஆண்டுகள் பின்னால் போய், ஒரு ஜனவரி முதல் தேதியில் நின்றுகொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவிலான பேட்டரி தீர்ந்திருந்தது. முந்தைய இரவு மின்வெட்டு ஏற்பட்டபோது கடிகாரம் தன் நினைவை இழந்துவிட்டது.

தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், உண்மையான சான்றிதழையும் அது போலி என்றே கொள்ளும். அப்டேட் சேவையகமும் அதற்கு விலக்கல்ல. வித்தியாசம் சில நிமிடங்கள் என்றால் விண்டோஸ் தானே சரிசெய்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் விலகிவிட்டால் அது தயங்கும். ஆகவே டைம் அண்ட் லேங்குவேஜ் பக்கத்தில் செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி என்பதை அணைத்து, தேதியையும் மணியையும் கையால் இட்டு, பிறகு அதை மீண்டும் இயக்கி, சிங்க் நவ் அழுத்தவேண்டும். அக்காவின் கணினியில் அதைச் செய்து முடித்த மறு நிமிடமே தளங்கள் திறந்தன. பேட்டரியின் பெயர் சிஆர்2032. கடிகாரக் கடையில் கிடைக்கும், விலையும் சொற்பம். மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு, எழுத்துள்ள முகம் மேலே இருக்கும்படி வைத்தால் போதும்.

அந்த நாளிலிருந்து எந்தக் கணினிக்கு முன் உட்கார்ந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன்.

அப்டேட் இறங்கவில்லை, ஏறவில்லை

இணையம் சரியான பிறகும் அப்டேட் நிற்கிறது என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, முதலில் பாஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வாரம்வரை நிறுத்திவைக்கும் வசதி அது; எப்போதோ அழுத்தியதை நாமே மறந்திருப்போம். வீட்டு வைஃபை மீட்டர்டு என்று குறிக்கப்பட்டிருந்தாலும் அப்டேட் இறங்காமல் காத்திருக்கும்.

அடுத்தது இடம். பிழை எண்ணின் முன்னால் வரும் சுழியத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டுப் பார்த்தால் 80070070 என்று இருந்தால், சி டிரைவில் இடமில்லை என்று நேராகச் சொல்கிறது. சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று சென்று தேவையற்றவற்றை நீக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அது தற்காலிகக் கோப்பு அல்ல, நீங்கள் இறக்கி வைத்த எல்லாமும் அதில்தான் இருக்கிறது. அதில் தவறியும் குறியிட்டுவிடாதீர்கள். எண் 80070422 என்று இருந்தால், அப்டேட்டுக்காகப் பின்னணியில் இயங்கும் சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது. ஸ்டார்ட் தேடலில் சர்வீசஸ் என்று தட்டி, பட்டியலில் விண்டோஸ் அப்டேட் என்பதைத் திறந்து, ஸ்டார்ட்டப் டைப் டிஸேபிள்டு என்று இருந்தால் மேனுவலுக்கு மாற்றுங்கள்.

சிஸ்டம், ட்ரபுள்ஷூட், அதர் ட்ரபுள்ஷூட்டர்ஸ் என்ற வரிசையில் விண்டோஸ் அப்டேட்டுக்கு ஒரு தானியங்கிச் சோதனை உண்டு. அதை ஓடவிடுங்கள், சில வேளை அதுவே போதும்.

ஒரே அப்டேட் ஒரே சதவீதத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், இறக்கிய கோப்பு பழுதாகியிருக்கலாம். அதே சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் ஆகிய இரண்டையும் ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். கடைசியில் ஓல்ட் என்று சேர்த்தால் போதும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி அப்டேட் தேடினால், விண்டோஸ் புதிய ஃபோல்டரை உருவாக்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும். அப்டேட் வரலாற்றுப் பக்கம் காலியாகத் தெரியும். அதனால் தீங்கு இல்லை.

அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதிக்க வேண்டும். சிஎம்டியை வலது சொடுக்கி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்ற சொல், இப்படித் தட்டி என்டர் அழுத்துங்கள். பழைய வட்டுகளில் இது அரைமணி நேரம்கூட எடுக்கும். சதவீதம் நகராததுபோல் தெரிந்தாலும் சாளரத்தை மூடாதீர்கள். விண்டோஸ் 11-இல் இதற்கும் மேலான ஒரு வழி இருக்கிறது. சிஸ்டம், ரெகவரி பக்கத்தில் ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட் என்ற வரியில் ரீஇன்ஸ்டால் நவ் என்பதை அழுத்தினால், உங்கள் கோப்புகளையும் மென்பொருள்களையும் அமைப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவும். ஃபார்மட் என்ற சொல்லை யாராவது உச்சரித்தால், இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

எல்லாத் தோல்வியும் உங்கள் கணினியின் குற்றம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட், வட்டில் பழுதுபார்ப்புக்கென ஒதுக்கிய மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடத்தை எதிர்பார்த்தது. பல வீட்டுக் கணினிகளில் அந்தப் பகுதி அவ்வளவு பெரிதாக உருவாக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் திரையில் இடமில்லை என்று வராமல் 80070643 என்ற பொதுவான பிழை எண்தான் வந்தது. தங்கள் மேல் தவறே இல்லாதவர்கள் நாள்கணக்கில் அதோடு போராடினார்கள். ஆகவே அப்டேட்டின் கேபி எண்ணையும் பிழை எண்ணையும் சேர்த்துத் தேடிப்பாருங்கள். அறியப்பட்ட கோளாறுகளை மைக்ரோசாஃப்ட் தன் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தில் பட்டியலிடுகிறது. அங்கே இருந்தால், திருத்தம் வரும்வரை காத்திருப்பதே சரியான செயல்.

பாதியில் நின்றால், ஏறியபின் கெடுத்தால்

நீலத் திரையிலோ கறுப்புத் திரையிலோ சதவீதம் அசையாமல் நிற்கும்போது பவர் பட்டனை அழுத்தத் தோன்றும். வட்டு விளக்கு அவ்வப்போது மினுக்குகிற வரையில் வேலை நடக்கிறது என்றே கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு நான் இரண்டு மணி நேரம் கொடுப்பேன். மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். மேசைக்கணினிக்கு யுபிஎஸ் இருந்தாலும் அது தாங்கும் நேரம் சொற்பம். மடிக்கணினியைச் சார்ஜரில் செருகிய பின்பே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்டேட் ஏறிய பின்தான் கோளாறு என்பது உறுதியானால், அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தின் அடியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. கேபி எண்ணைக் குறித்துக்கொண்டு நீக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு என்றால், ரெகவரி பக்கத்தில் கோ பேக் என்பதன் வழியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம், ஆனால் அதற்குப் பத்து நாள்தான் அவகாசம். விண்டோஸ் முழுமையாக எழ மறுத்தால், கடவுச்சொல் திரையின் பவர் குறியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்துங்கள். கடவுச்சொல் திரைகூட வராத நிலையில், கணினி எழும்போதே மூன்று முறை அணைத்துப் போட்டால் பழுதுபார்க்கும் திரை வரும். அங்கே ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று செல்லுங்கள். முன்பே எழுதி வைத்த 48 இலக்கச் சாவி தேவைப்படும் இடம் இதுவே.

நீக்கியவுடன் அப்டேட்டை ஓரிரு வாரம் பாஸ் செய்யுங்கள். இல்லையேல் மறுநாளே அதே அப்டேட் திரும்ப வந்துவிடும். ஆனால் அதை நிரந்தரமாக முடக்கிவிடாதீர்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. அதை ஏற்றியிருந்த கணினிகள் தப்பின. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துப் பெறும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, அதில் சேர விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வழி தரப்பட்டது. அப்டேட் வரவே இல்லை என்று சொல்பவர்களில் சிலருக்குக் கோளாறு ஏதும் இல்லை. இந்தத் திட்டத்தில் சேராததுதான் காரணம்.

எல்லாம் சரியானதும், தாளில் எழுதிய வரிகளை எடுத்து, சோதனைக்காக மாற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி வையுங்கள். அணைத்துவைத்த ஆன்டிவைரஸை இயக்குங்கள். கையால் இட்ட டிஎன்எஸ் எண்களால் பயனில்லை என்று தெரிந்திருந்தால் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றிய ஓல்ட் ஃபோல்டரை, அப்டேட் ஒருமுறை முழுமையாக ஏறியதைப் பார்த்த பிறகு அழித்துவிடலாம். பாஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து, அந்தத் தாளைக் கணினிப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.